பிள்ளையின் மனநிலையை ஏன் சோதிக்கிறார்கள்?

பதினாறு, பதினேழு வயதுப் பையன் ஒரு வழக்கில் மாட்டிக்கொண்டான் என்று செய்தி வந்தால், வீட்டில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: ‘எப்போது வெளியே வருவான்?’ அந்த நேரத்தில் அதிகாரி ஒருவர் ‘மனநல மதிப்பீடு செய்ய வேண்டும்’ என்று சொன்னால், பெற்றோருக்குத் தூக்கிவாரிப் போடும். ‘என் பிள்ளைக்கு என்ன, பைத்தியமா?’ என்று அம்மா அழுவார். ‘எழுதிக் கொடுத்துவிட்டால் நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்?’ என்று அப்பா யோசிப்பார்.

இந்தப் பயம் இயல்பானது. ஆனால் பயத்தில் நீங்கள் வாயை மூடிக்கொண்டால் நஷ்டம் பிள்ளைக்குத்தான். அந்த மதிப்பீடு எதற்கு, யார் செய்வார்கள், நீங்கள் என்ன சொல்ல வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதை ஆரணியிலும் சுற்றியுள்ள நெசவு ஊர்களிலும் இருக்கும் பெற்றோரை மனதில் வைத்து இங்கே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். நீங்கள் போக வேண்டிய இடங்கள்தான் உள்ளூர் சார்ந்தவை.

சட்டத்தின் கண்ணில் யார் சிறுவர்?

18 வயது நிறையாத எவரும் சிறுவர்தான், ஆணானாலும் பெண்ணானாலும். சம்பவம் நடந்த நாளில் வயது என்ன என்பதுதான் கணக்கு. வழக்கு நடக்கும்போது 19 ஆகியிருந்தாலும், சம்பவத்தன்று 17 என்றால் சிறுவராகவே நடத்த வேண்டும்.

இவர்களுக்கென்று இருப்பது 2015-இல் நிறைவேறி 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் உள்ள இளைஞர் நீதிச் சட்டம். இதில் ‘குற்றவாளி’ என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை. ‘சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்’ என்றே சொல்வார்கள்.

வயதை எப்படி நிரூபிப்பது?

முதலில் பார்ப்பது பள்ளி தந்த பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லாவிட்டால் நகராட்சியோ ஊராட்சியோ கொடுத்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பைப் படமெடுத்து வயது கணிக்கும் மருத்துவச் சோதனை. ஆதார் அட்டையை மட்டும் நம்பிப் போகாதீர்கள். படிப்பை நிறுத்தித் தறியில் உட்கார்ந்த பையனுக்கும் அவன் கடைசியாகப் படித்த பள்ளியில் பதிவு இருக்கும். முதல் வேலையாக அங்கே போய்ச் சான்று வாங்குங்கள்.

போலீஸ் அழைத்துப் போனால் முதல் நாளில் என்ன நடக்க வேண்டும்?

சிறுவரை லாக்கப்பில் வைக்கக்கூடாது. சிறைக்கும் அனுப்பக்கூடாது. கைவிலங்கு மாட்டக்கூடாது. விசாரிக்கும் சிறுவர் நலக் காவல் அலுவலர் சீருடையில் இருக்கக்கூடாது. வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவும் கூடாது. பிடித்த 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, இளைஞர் நீதிக் குழுமத்தின் (சிறுவர் வழக்குகளை மட்டும் விசாரிக்கும் அமைப்பு) முன் நிறுத்த வேண்டும். குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்.

ஆரணி திருவண்ணாமலை மாவட்டத்தில் இருப்பதால் உங்கள் வழக்கு அந்த மாவட்டக் குழுமத்துக்குப் போகும். போளூர் வழியாகப் பலமுறை போய்வர வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் தறி நிற்கும், அன்றைய கூலி போகும். இருந்தாலும் வாய்தாவைத் தவறவிடாதீர்கள். பெற்றோர் வருகிறார்களா, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்பதைக் குழுமம் கவனிக்கும்.

அந்த முதல் நாளுக்கும் மனநலத்துக்கும் என்ன தொடர்பு?

நிறைய இருக்கிறது. பிடிபட்ட முதல் சில நாட்கள்தான் மிகவும் ஆபத்தானவை. அவமானம், பயம், தனிமை மூன்றும் சேர்ந்து அழுத்தும்போது சில பிள்ளைகள் தங்களையே காயப்படுத்திக்கொள்வார்கள். கஞ்சா, போதை மாத்திரை, மது பழகியவர்களுக்கு அது கிடைக்காதபோது கை நடுங்கும், தூக்கம் வராது, வெறி வரும்.

அதனால் உங்கள் பிள்ளைக்கு வலிப்பு உண்டா, மாத்திரை சாப்பிடுகிறானா, முன்பு எப்போதாவது சாக முயன்றானா, ‘செத்துப்போகிறேன்’ என்று சொல்லியிருக்கிறானா என்பதை அன்றே காவல் அலுவலரிடமும் குழுமத்திடமும் சொல்லிவிடுங்கள். முடிந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இதைச் சொன்னால் வழக்கு பலப்படும் என்ற பயம் வேண்டாம். உயிரைக் காக்கும் தகவல் இது.

மனநல மதிப்பீடு என்று எதைச் சொல்கிறார்கள்?

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. வெவ்வேறான மூன்று வேலைகளை மக்கள் ஒரே பெயரில் சொல்கிறார்கள். பிள்ளையின் வீடு, படிப்பு, சூழ்நிலை பற்றி எழுதும் சமூக விசாரணை அறிக்கை ஒன்று. இல்லத்தில் தங்கவைக்கும்போது அவன் மனநலத்தைப் பார்த்து உதவி செய்வது இரண்டாவது. மிகக் கொடிய குற்றம் சாட்டப்பட்ட 16 முதல் 18 வயதுக்காரருக்கு மட்டும் நடக்கும் முதற்கட்ட மதிப்பீடு மூன்றாவது.

இவற்றில் எது நடக்கிறது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் இரண்டும் உதவிக்கானவை. மூன்றாவது, வழக்கு எந்த நீதிமன்றத்தில் நடக்கும் என்பதையே மாற்றக்கூடியது.

சமூக விசாரணை அறிக்கைக்கு யார் வருவார்கள்?

நன்னடத்தை அலுவலர் (சிறுவரின் பின்னணியை விசாரித்து மேற்பார்வை செய்பவர்) அல்லது குழந்தை நல அலுவலர் அல்லது சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். குழுமத்தின் முன் முதலில் நிறுத்திய நாளிலிருந்து 15 நாட்களுக்குள் அவர் அறிக்கை தர வேண்டும். வீட்டு வருமானம், கடன், பள்ளியை விட்ட காரணம், நண்பர்கள், குடும்பத்தில் சண்டை, குடி, உடல்நலம், மனநலம் எல்லாவற்றையும் கேட்பார். பள்ளியிலும் அக்கம்பக்கத்திலும் விசாரிப்பார்.

வீட்டு விஷயத்தை எல்லாம் வெளியே சொல்லலாமா?

சொல்ல வேண்டும். ‘எங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லை, பையன் தங்கம்’ என்று மட்டும் சொன்னால் பிள்ளை ஏன் இப்படி ஆனான் என்பதற்கு அறிக்கையில் விடையே இருக்காது. படிக்கும் அதிகாரி அவனையே கெட்டவனாக எடுத்துக்கொள்ள இடம் கொடுத்துவிடுவீர்கள்.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அடையவில்லை. அப்பா குடிக்கிறார். பையன் ஒன்பதாம் வகுப்போடு நின்று தறியில் உட்கார்ந்தான். அவனுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கவே வராது, வகுப்பில் அடி வாங்கியே வெறுத்துப்போனான். சிறு வயதில் தறிக்குழியில் விழுந்து தலையில் பலத்த அடி. இவை ஒவ்வொன்றும் அறிக்கையில் இருக்க வேண்டிய செய்தி. வாசிக்க வராதது கற்றல் குறைபாடாக (மற்ற அறிவு இருந்தும் எழுத்தும் எண்ணும் பிடிபடாமல் போவது) இருக்கலாம். தலையில் பட்ட அடி அவன் கோபத்தையும் அவசரத்தையும் கூட்டியிருக்கலாம். சொன்னால்தான் உளவியலாளர் அதைத் தேடிப் பார்ப்பார்.

சொல்லத் தயக்கமான விஷயம் ஏதாவது இருந்தால் முதலில் இலவச வழக்கறிஞரிடம் பேசுங்கள். சிறுவர்களுக்கு, குடும்ப வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் தந்த உரிமை அது. ஆரணியிலேயே வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கிறது. அங்கே ஒரு மனு கொடுத்தால் போதும்.

ஜாமீன் கிடைக்காதா? எங்கே வைப்பார்கள்?

சிறுவர்களுக்கு ஜாமீன் தருவதுதான் விதி, மறுப்பது விதிவிலக்கு. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கு உடலாலோ மனதாலோ ஒழுக்கத்தாலோ ஆபத்து வரும், அல்லது நீதி கெடும் என்று குழுமம் கருதினால் மட்டுமே மறுக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். அப்போது அவனைக் கூர்நோக்கு இல்லத்தில் (விசாரணை முடியும்வரை சிறுவரைத் தங்கவைக்கும் இடம்) வைப்பார்கள். கொடுங்குற்றம் சாட்டப்பட்ட 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ‘பாதுகாப்பு இடம்’ என்று தனி இல்லம் உண்டு. ஆரணிக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று வேலூர் காகிதப்பட்டறையில் இருக்கிறது.

இல்லத்தில் என்ன சோதிப்பார்கள்?

முதலில் சுருக்கமான கேள்விகள். காய்ச்சலா என்று நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது போன்றது இது. சுடுகிறது என்று தெரிந்தால்தான் ரத்தம் எடுத்துப் பார்ப்பது. உலகின் பல ஊர்களில் இதற்கு மேசி-2 என்ற கேள்வித்தாளைப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கிரிசோவும் மனநல மருத்துவர் ரிச்சர்ட் பார்னமும் உருவாக்கியது. ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 52 கேள்விகள், 12 முதல் 17 வயதினருக்கு. போதை, கோபம், சோர்வு, தற்கொலை எண்ணம், பட்ட அதிர்ச்சி எல்லாம் அதில் வரும். இதில் கிடைப்பது எச்சரிக்கைதான். நோய் என்ன என்று இது முடிவு சொல்லாது.

எச்சரிக்கை இருந்தால் உளவியலாளரோ மனநல மருத்துவரோ விரிவாகப் பார்க்க வேண்டும். உளவியலாளர் பேசியும் சோதனைகள் வைத்தும் மனதை அறிபவர். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பும் படித்தவர், மருந்து எழுதலாம்.

உண்மையிலேயே இந்தப் பிள்ளைகளுக்கு மனநலச் சிக்கல் இருக்குமா?

பலருக்கு இருக்கிறது. சிகாகோவில் காவலில் இருந்த 1,829 இளையோரை லிண்டா டெப்லின் தலைமையிலான குழு ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டது. ஆண் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கும், பெண் பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினருக்கும் ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. அந்த ஊர் வேறு, நம் ஊர் வேறு. ஆனாலும் பிடிபட்ட பிள்ளைகளிடையே இது அபூர்வமல்ல என்பதற்கு வலுவான சான்று இது.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று: வளரும் வயதில் மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வராது. எரிந்து விழுவது, வீட்டில் தங்காமல் சுற்றுவது, தறியில் உட்கார மாட்டேன் என்பது, ராத்திரி முழுக்க விழித்திருப்பது என்று வேறு வேஷத்திலும் வரும். நாம் அதைத் ‘திமிர்’ என்று சொல்லி அடித்திருப்போம். சிகிச்சையில் தீரக்கூடியது அது.

தூங்கவைக்க மாத்திரை கொடுத்துவிடுவார்களா?

கொடுக்கக்கூடாது. இளைஞர் நீதிச் சட்டத்துக்கான 2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. பயிற்சி பெற்ற மனநல வல்லுநர் சோதித்து, இன்ன நோய் என்று கண்டறியாமல் எந்தச் சிறுவருக்கும் மனநல மருந்து தரக்கூடாது. மருந்தைக் கையில் கொடுப்பதும் மருத்துவப் பணியாளராக இருக்க வேண்டும், இல்லக் காவலர் அல்ல. வல்லுநரின் பரிந்துரை பிள்ளையின் கோப்பில் இருக்க வேண்டும். பிள்ளை எப்போதும் மயக்கமாக இருக்கிறான் என்று தோன்றினால், ‘என்ன மாத்திரை, யார் எழுதியது, எதற்காக?’ என்று கேளுங்கள்.

மனநோயோ போதை அடிமைத்தனமோ உறுதியானால், சிகிச்சை கிடைக்கும் இடத்துக்கு அவனை மாற்ற இளைஞர் நீதிச் சட்டத்தின் 93-ஆம் பிரிவு வழி செய்கிறது. மருத்துவமனையில் சேர்த்தால் 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி அவனைப் பெரியவர்களோடு ஒரே வார்டில் வைக்கக்கூடாது.

மூன்றாவது மதிப்பீடு யாருக்கு?

இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும்: சம்பவத்தன்று 16 வயது நிறைந்திருக்க வேண்டும், குற்றச்சாட்டு ‘கொடுங்குற்றம்’ (சட்டம் குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் வைத்திருக்கும் குற்றம்) ஆக இருக்க வேண்டும். பைக் திருட்டு, கைகலப்பு, கொஞ்சம் கஞ்சா வைத்திருந்தது போன்றவை இதில் வராது. 15 வயதுப் பையன் மீது கொலைக் குற்றமே சாட்டினாலும் இந்த மதிப்பீடு கிடையாது.

காதல் விவகாரத்திலும் இது வருமா?

வரும், அதனால்தான் பெற்றோர் இதைத் தெரிந்திருக்க வேண்டும். 17 வயதுப் பையனும் 16 வயதுப் பெண்ணும் விரும்பி ஓடிப்போய், உடலுறவு நடந்திருந்தால், போக்சோ சட்டத்தில் (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம்) பெண்ணின் சம்மதத்துக்கு இடமில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு அந்தக் குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டு. அதனால் அது கொடுங்குற்றக் கணக்கில் சேர்ந்துவிடும். கோபத்தில் புகார் கொடுக்கும் பெண் வீட்டாருக்கும் பையன் வீட்டாருக்கும் இது எங்கே போய் நிற்கும் என்று பல நேரம் தெரிவதில்லை. வளரிளம் பருவத்துக் காதலைத் தண்டிக்க இயற்றிய சட்டமல்ல போக்சோ என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் ஒரு தீர்ப்பில் சொன்னது. ஆனால் சட்டம் இன்னும் மாறவில்லை. வீட்டில் உள்ள பையன்களிடமும் பெண்களிடமும் இதைப் பேசிவைப்பது நம் பொறுப்பு.

முதற்கட்ட மதிப்பீட்டில் என்ன பார்ப்பார்கள்?

இளைஞர் நீதிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி குழுமம் மூன்றைப் பார்க்க வேண்டும். அந்தச் செயலைச் செய்யும் உடல், மன ஆற்றல் அவனுக்கு இருந்ததா? அதன் விளைவுகளைப் புரிந்துகொள்ளும் திறன் இருந்ததா? எந்தச் சூழ்நிலையில் அது நடந்ததாகச் சொல்லப்படுகிறது? இதன் பிறகு, வழக்கைக் குழுமமே விசாரிப்பதா, அல்லது வயது வந்தவரைப் போல விசாரிக்கக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்புவதா என்று முடிவு செய்யும்.

இது விசாரணை ஆகாது என்று சட்டமே சொல்கிறது. ‘செய்தானா, இல்லையா’ என்பது இங்கே கேள்வி அல்ல. மதிப்பீடு நடக்கும்போது அவனை நிரபராதி என்றே கொள்ள வேண்டும் என்கின்றன மாதிரி விதிகள்.

‘தப்பு என்று தெரியும்’ என்று பையன் சொல்லிவிட்டால் முடிந்ததா?

முடிந்துவிடாது. குருகிராமில் ஒரு பள்ளியில் 2017-இல் நடந்த கொலை வழக்கில், உச்ச நீதிமன்றம் 2022 ஜூலை 13 அன்று தந்த தீர்ப்பு இதை விளக்குகிறது. ஒரு செயலைச் செய்யும் மன ஆற்றலும் அதன் விளைவைப் புரிந்துகொள்ளும் திறனும் ஒன்றல்ல என்றது அந்தத் தீர்ப்பு. விளைவு என்றால் அந்த நிமிடத்தில் நடப்பது மட்டுமல்ல. பாதிக்கப்பட்டவரின் குடும்பத்துக்கு என்ன ஆகும், தன் குடும்பத்துக்கு என்ன ஆகும், தன் வாழ்க்கை பல வருடம் கழித்து எப்படி இருக்கும் என்பதும் அதில் அடங்கும்.

கத்தி குத்தினால் ரத்தம் வரும் என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அவசரத்தை அடக்கி, பின்னால் வருவதை யோசிக்கும் மூளைப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. கூட்டாளிகள் சுற்றி நின்று ஏற்றிவிடும்போது அந்த யோசனை இன்னும் குறையும்.

அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது. குழுமத்தில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்துத் தொழில் செய்யும் உறுப்பினர் இல்லாவிட்டால், வெளியே உள்ள வல்லுநரின் உதவியைக் குழுமம் பெற்றே ஆக வேண்டும். சட்டத்தில் ‘பெறலாம்’ என்று இருப்பதைக் கட்டாயம் என்றே படிக்க வேண்டும் என்றது. அதன் பிறகு தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆகவே உங்கள் வழக்கறிஞர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ‘வல்லுநர் யார், சிறுவர்களோடு வேலை செய்த அனுபவம் அவருக்கு உண்டா?’

எந்த மொழியில் பேசுவார்கள்?

பிள்ளைக்குப் பழகிய மொழியில் பேச வேண்டும். ஆரணியில் வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ உருதுவோ பேசி வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளியைப் பாதியில் விட்டவனிடம் புத்தகத் தமிழில் கேட்டால் திருதிருவென விழிப்பான். விழிப்பதை வைத்து ‘அறிவு குறைவு’ என்றோ ‘ஒத்துழைக்க மறுக்கிறான்’ என்றோ எழுதிவிடக்கூடாது. பேச்சு வழக்கில் கேட்கச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

பையனிடம் நாம் என்ன சொல்லி அனுப்புவது?

மனப்பாடம் செய்துவைத்த கதையைச் சொல்லி அனுப்பாதீர்கள். பைத்தியம் போல நடிக்கவும் சொல்லாதீர்கள். அனுபவமுள்ள உளவியலாளர் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார். அதன் பிறகு உங்கள் பிள்ளை சொல்லும் உண்மையையும் நம்ப ஆள் இருக்காது.

அவனிடம் இப்படிச் சொல்லுங்கள்: ‘உன் தூக்கம், சாப்பாடு, பயம், கோபம், பட்ட அடி எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லு கண்ணு. புரியாத கேள்வியைத் திரும்பக் கேளு. களைப்பாக இருந்தால் சொல்லு.’ சம்பவத்தைப் பற்றி எவ்வளவு பேசலாம் என்பதை மட்டும் மதிப்பீட்டுக்கு முன்பே வழக்கறிஞர் அவனோடு தனியாக உட்கார்ந்து விளக்க வேண்டும். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக்கூடாது என்ற அரசியலமைப்பு உரிமை சிறுவருக்கும் உண்டு.

அறிக்கையில் உள்ளது ஊருக்குத் தெரிந்துவிடுமா?

தெரியக்கூடாது. குழுமம் பார்க்கும் எல்லா அறிக்கைகளும் ரகசியம் என்கிறது 99-ஆம் பிரிவு. அதே பிரிவு, அறிக்கையின் சாரத்தைப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் சொல்லவும், அதற்கு மறுப்பான ஆதாரம் தர வாய்ப்பளிக்கவும் இடம் தருகிறது. எனவே சாரத்தைக் கேளுங்கள். தவறு இருந்தால் எழுத்தில் தெரிவியுங்கள்.

பிள்ளையின் பெயர், படம், பள்ளி, முகவரியை வெளியிடுவது 74-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தெரு வாட்ஸ்அப் குழுவில் படத்தைச் சுற்றவிடுபவர்களும் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

‘பெரியவரைப் போல விசாரிக்கலாம்’ என்று முடிவானால்?

கைவிட்டுவிடாதீர்கள். குழுமம் காரணங்களை எழுத வேண்டும், உத்தரவின் நகலை உடனே தர வேண்டும். அதை எதிர்த்து 30 நாட்களுக்குள் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். அந்த நீதிமன்றம், முதலில் சோதித்தவர் அல்லாத வேறு வல்லுநரின் உதவியைப் பெறலாம். முதற்கட்ட மதிப்பீட்டை மூன்று மாதத்துக்குள் முடிக்கச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தக் கெடு தாண்டினாலே மதிப்பீடு செல்லாது என்று ஆகிவிடாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாள் கடந்ததை நம்பி உட்கார வேண்டாம்.

வழக்கு மாற்றப்பட்டாலும் பையன் உடனே சிறைக்குப் போவதில்லை. பெரியவரைப் போல விசாரிப்பது தேவையா என்று குழந்தைகள் நீதிமன்றம் மறுபடியும் பார்க்கும். தண்டனை வந்தாலும் 21 வயது வரை பாதுகாப்பு இடத்தில்தான் இருப்பான். அங்கே படிப்பு, தொழிற்பயிற்சி, ஆலோசனை தர வேண்டும். 21 ஆனதும் திருந்தியிருக்கிறானா என்று மறுபடி மதிப்பிடுவார்கள். மரண தண்டனையோ, விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் தண்டனையோ சிறுவருக்குக் கிடையாது.

பிறகு வேலைக்குப் போக முடியுமா?

முடியும். குழுமத்தால் விசாரிக்கப்பட்ட சிறுவருக்கு அந்த வழக்கினால் எந்தத் தகுதியிழப்பும் கூடாது என்கிறது 24-ஆம் பிரிவு. குறித்த காலத்துக்குப் பிறகு பதிவுகளையும் அழிக்க வேண்டும். 16 வயதுக்கு மேல், குழந்தைகள் நீதிமன்றத்தில் பெரியவரைப் போல விசாரித்துக் குற்றம் உறுதியானவருக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. முதற்கட்ட மதிப்பீட்டில் நீங்கள் விழிப்பாக இருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இல்லத்தில் பிள்ளை நலமாக இல்லை என்று தோன்றினால்?

உடனே பேசுங்கள். 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் இருந்த 17 வயதுச் சிறுவன் இறந்தான். அடித்துக் கொன்றதாக இல்ல ஊழியர்களே கைதானார்கள். அதன் பிறகு தமிழக இல்லங்களைச் சீர்திருத்தப் பரிந்துரை செய்ய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை அரசு நியமித்தது.

பார்க்கப் போகும்போது பிள்ளையின் முகத்தை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். கையிலும் கழுத்திலும் காயம் இருக்கிறதா, எடை குறைந்திருக்கிறதா, கண்ணைப் பார்த்துப் பேசுகிறானா, தூங்குகிறானா என்று கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் அடுத்த வாய்தா வரை காத்திருக்க வேண்டாம். குழுமத்துக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் எழுத்தில் மனு கொடுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள்.

ஒரு பையில் எடுத்துவைக்க வேண்டியவை

1. பள்ளிச் சான்று, பிறப்புச் சான்று.
2. மதிப்பெண் பட்டியல்கள், பள்ளியை விட்ட ஆண்டும் காரணமும் எழுதிய தாள்.
3. பழைய மருத்துவச் சீட்டுகள்: வலிப்பு, தலைக்காயம், நீண்ட நாள் காய்ச்சல், மாத்திரைகள்.
4. போதைப் பழக்கம் எப்போது தொடங்கியது, யார் கொடுத்தது என்ற குறிப்பு. சிறுவருக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு.
5. பிள்ளையை நன்கு அறிந்த ஆசிரியர் அல்லது உறவினர் பெயரும் கைபேசி எண்ணும்.
6. ஒவ்வொரு வாய்தா தேதியும், அன்று சொன்னதும் எழுதிய நோட்டு.

வழக்கு எதுவும் இல்லாதவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

உங்களுக்குத்தான் நேரம் இருக்கிறது. பிடிபட்ட பிறகு அரசு செய்யும் மதிப்பீட்டில் கேட்கும் கேள்விகளை, பிடிபடும் முன்பே வீட்டில் கேட்கலாம். பையன் தூங்குகிறானா? பள்ளியில் எது கஷ்டம்? யாரோடு சுற்றுகிறான்? யாராவது அவனைத் துன்புறுத்தினார்களா? பதில் கவலை தந்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை. சட்ட உதவிக்கு 15100. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், கண்ணமங்கலம் வழியாக வேலூருக்கும் ஆரணியிலிருந்து பேருந்து இருக்கிறது.

மனநல மதிப்பீடு உங்கள் பிள்ளைக்கு முத்திரை குத்துவதற்காக வந்ததல்ல. அவனுக்கு என்ன நேர்ந்தது என்று அரசாங்கம் நின்று கேட்க வேண்டிய இடம் அது. சரியான ஆள், சரியான மொழியில், போதிய நேரம் எடுத்துக் கேட்டால் அது அவனைக் காப்பாற்றும். அவசரமாகக் கேட்டால் கெடுத்துவிடும். எப்படிக் கேட்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ள அங்கே நீங்கள் இருக்க வேண்டும். தறி ஒரு நாள் நிற்கட்டும், போய் நில்லுங்கள்.